ரோமில் ஒரு நாள் வாடகைக் காரும் எட்டு மாதம் கழித்து வந்த கடிதமும்

இத்தாலியில் சிவிட்டா என்ற பழைய ஊருக்கு ரயிலும் பஸ்ஸுமாகப் போய்விடலாம் என்றுதான் முதலில் கணக்குப் போட்டிருந்தேன். ரோமிலிருந்து ஓர்வியேட்டோ வரை ரயில், பத்து யூரோவுக்குள் டிக்கெட். அங்கிருந்து பான்யோரேஜோ என்ற சின்ன ஊருக்கு பஸ். அப்புறம் நடை. தாளில் எழுதிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த பஸ் ஒரு நாளைக்குச் சில தடவைதான் வரும். ஒன்றை விட்டுவிட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் ரோட்டோரம் உட்கார வேண்டும். கூட வந்தவர்களோ எழுபது வயது அம்மா, மனைவி, ஏழு வயது மகள். சரி, ஒரே ஒரு நாள் கார் எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தது அப்படித்தான்.

இது 2023 அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை. கோவையில் பதினைந்து வருடமாக கார் ஓட்டுகிறேன். மாலை ஆறு மணிக்கு அவினாசி ரோட்டில் காந்திபுரம் பக்கம் திரும்பத் தெரிந்தவனுக்கு ரோம் என்ன பெரிய விஷயம் என்கிற தெனாவெட்டும் இருந்தது. உண்மையைச் சொன்னால், ஓட்டியதில் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. வண்டி நின்ற இடங்களிலும் ஊர்ந்த இடங்களிலும்தான் எங்கள் காசும் நேரமும் போயின. அதனால் ஓட்டிய கதையைக் குறைத்து, நின்ற கதையை நிறையச் சொல்லப் போகிறேன்.

முதலில் லைசென்ஸ். நம் ஊர் லைசென்ஸ் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, அது போதாதா என்று நானும் நினைத்தேன். இத்தாலியில் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய லைசென்ஸுக்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கூடவே வேண்டும். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து, 1000 ரூபாய் கட்டி, ஆர்டிஓ ஆபீஸில் வாங்கினேன். பாஸ்போர்ட் அளவில் ஒரு சாம்பல் நிறப் புத்தகம், ஒரு வருடம் செல்லும். இந்தியாவை விட்டுக் கிளம்பிய பிறகு நினைவு வந்தால் அவதிதான், அதனால் விசா வேலையோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். புத்தகம் மட்டும் போதாது, அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். கவுண்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பெயரை ஒப்பிட்டார்கள். என் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்ததற்கு ஐந்து நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. தமிழ்நாட்டுக்காரன் எங்கே போனாலும் இனிஷியல் கூடவே வரும்.

அடுத்தது கிரெடிட் கார்டு. இங்கேதான் என் திட்டம் முதலில் ஆட்டம் கண்டது. அன்னியச் செலாவணிக் கட்டணம் குறைவு என்று மனைவியின் கார்டில் செலவு செய்துகொண்டிருந்தோம். கவுண்டரில் அதை நீட்டினேன். கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வண்டியை எடுக்கும் ஓட்டுநராக இருக்க வேண்டுமாம். மனைவியிடம் சர்வதேச அனுமதி இல்லை. என் பெயரில் இருந்த கார்டை எடுத்துக் கொடுத்தால், இயந்திரம் மறுத்தது. 2020-க்குப் பிறகு நம் வங்கிகள் கொடுக்கும் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு மூடப்பட்டே வரும், நாமாகத் திறந்துவிட வேண்டும் என்பது தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் இந்தக் கார்டைத் திறக்கவில்லை, ஏனென்றால் இதைப் பயன்படுத்துவதாகவே இல்லை. வரிசையில் பின்னால் ஆறு பேர் நிற்க, டெர்மினி ரயில் நிலையத்தின் வைஃபையில் வங்கிச் செயலியைத் திறந்து, கடவுச்சொல் மறந்து, மீட்டெடுத்து, சுவிட்சைத் தட்டி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. டெபிட் கார்டு இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். பல இடங்களில் அதைத் தொடவே மாட்டார்கள்.

1200 யூரோவை முன்பணமாகப் பிடித்து வைத்தார்கள். அதாவது காசு போகாது, ஆனால் கார்டின் வரம்பில் அந்த அளவு முடங்கிக் கிடக்கும். எனக்கு விடுபட ஒன்பது நாள் ஆனது. மீதிப் பயணத்துக்கு எந்தக் கார்டு, அதில் எவ்வளவு வரம்பு மிச்சமிருக்கும் என்று முன்பே பார்த்துக்கொள்ளாவிட்டால் ஹோட்டல் கணக்கு முடிக்கும்போது தலையைச் சொறிய வேண்டியதுதான். அப்புறம், இயந்திரம் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று அன்பாகக் கேட்கும். யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அந்த அன்புக்கும் சேர்த்து விலை போட்டிருப்பார்கள்.

பிறகு காப்பீடு. வாடகையில் அடிப்படைக் காப்பீடு சேர்ந்தே வருகிறது, ஆனால் வண்டிக்கு ஏதாவது ஆனால் முதல் ஆயிரத்துச் சொச்சம் யூரோ நம் தலையில். அந்தத் தொகையைப் பூஜ்யமாக்க இன்னொரு காப்பீட்டைக் கவுண்டரில் விற்பார்கள், விடாமல் விற்பார்கள். எனக்குச் சொன்ன விலை 34 யூரோ. வாடகையே 58 யூரோதான். "வேண்டாம், ஏமாற்றுகிறார்கள்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. நான் வாங்கினேன், ஒரு நாளுக்கு என்றால் இனியும் வாங்குவேன். பழகாத பக்கத்தில் உட்கார்ந்து, சந்துக்குள் நுழைந்து, பார்க்கிங் கட்டடத்தின் தூண்களுக்கு நடுவே திருப்பும் நாளில் 34 யூரோவுக்கு நிம்மதி கிடைக்கிறது. பத்து நாள் எடுப்பதானால் கணக்கு வேறு. அப்போது வெளியே மலிவாகக் கிடைக்கும் தனிக் காப்பீட்டை வாங்கிக்கொண்டு போவேன், ஆனால் அதை வைத்திருந்தாலும் கவுண்டரில் முன்பணத்தைப் பிடிக்கத்தான் செய்வார்கள். எதை வாங்கினாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் அதில் அடங்குமா என்று கேட்டு, அந்த வரியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

குழந்தை இருக்கையை மறந்திருந்தேன். ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே தனி இருக்கை கட்டாயம். மகளுக்கு முதுகில்லாத, உயர்த்தி உட்கார வைக்கும் மணை போன்ற ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு நாளுக்கு 14 யூரோ. அதே மணையைக் கடையில் புதிதாகவே அந்த விலைக்குப் பக்கத்தில் வாங்கிவிடலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒன்பது மணிக்குப் பதிவு செய்த வண்டி கைக்கு வந்தபோது பத்தேகால். ஒரு நாள் பயணத்தில் இந்த ஒன்றேகால் மணி நேரம் சின்ன விஷயமில்லை. கடை திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நிற்பது நல்லது, குடும்பத்தை அப்போதே கூட்டிக்கொண்டு போகாமலிருப்பது அதைவிட நல்லது. அம்மா பெட்டி மாதிரி ஒரு தூணோரம் நின்றிருந்தார்.

வண்டி ஃபியட் பாண்டா, வெள்ளை, கையால் கியர் மாற்றுவது. ஐரோப்பாவில் கேட்காவிட்டால் கியர் வண்டிதான் வரும், ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்பே சொல்லி, கூடக் காசு கொடுக்க வேண்டும். நிறுத்துமிடம் அரையிருட்டு. போனில் விளக்கைப் போட்டு, வண்டியைச் சுற்றி மெதுவாக ஒரு வீடியோ எடுத்தேன். நான்கு சக்கரங்களின் வளையங்களும் தெரியும்படி குனிந்து எடுங்கள், கீறல் அதிகம் இருப்பது அங்கேதான். பின்பக்க வலது சக்கரத்தில் ஒரு தேய்ப்பு இருந்தது, கொடுத்த தாளில் அது இல்லை. ஆளைக் கூப்பிட்டுக் காட்டி எழுத வைத்தேன். எரிபொருள் முள்ளையும் கிலோமீட்டரையும் ஒரு படம். டிக்கியில் முக்கோணப் பலகையும் ஒளிரும் மேல்சட்டையும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் அந்தச் சட்டை போடாமல் இறங்கக் கூடாது.

இப்போது ஓட்டிய கதை. இடது பக்கம் ஸ்டியரிங், வலது கையில் கியர், சாலையின் வலது பக்கம் போக்குவரத்து. இது பயந்த அளவுக்கு இல்லை, அரை மணி நேரத்தில் கை பழகிவிடுகிறது. பழகாதது ஒன்றே ஒன்று. நம் வண்டிகளில் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம், அங்கே இடது. ஒவ்வொரு திருப்பத்திலும் நான் வலது குச்சியைத் தட்ட, வெயில் அடிக்கும் ரோமில் என் வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியைக் கரகரவென்று துடைத்தது. மகளுக்கு அன்று முழுவதும் அதுதான் வேடிக்கை. "அப்பா, மழை வந்துடுச்சு" என்று ஒவ்வொரு முறையும் அறிவித்தாள். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றும் நம் ஊரில் இருக்கும் அதே வரிசைதான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ரவுண்டானாவில் மட்டும் சுற்றுவது எதிர்த்திசை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, வலது, வலது ஓரம்" என்று நொடிக்கொரு தரம் சொல்லிக்கொண்டே வந்தார். எரிச்சலாக இருந்தாலும் அது உதவியது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஊரிலிருந்து வெளியேறினால் ரோமைச் சுற்றி ஒரு வளையச் சாலை, ஏறத்தாழ 68 கிலோமீட்டர், டோல் கிடையாது. முழுப் பெயர் கிராண்டே ரக்கோர்டோ அனுலாரே, எல்லோரும் சொல்வது ஜிஆர்ஏ, சுருக்கமாகக் கிரா. அதைக் கட்ட முன்னின்ற பொறியாளரின் பெயரும் எயுஜெனியோ கிரா. சாலையின் பெயருக்குள் தன் பெயரைச் செருகிய ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

அங்கிருந்து வடக்கே ஏ1 நெடுஞ்சாலை. மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை போகும் இந்தச் சாலைக்கு 'சூரியனின் நெடுஞ்சாலை' என்று பெயர், 1964-இல் முழுதாகத் திறந்தார்கள். ஏறும் டோல்கேட்டில் காசு கொடுக்க வேண்டியதில்லை, இயந்திரம் நீட்டும் சீட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும், இறங்கும் இடத்தில் தூரத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும். பழக்கமில்லாததால் இயந்திரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்திவிட்டேன். கை எட்டவில்லை. கதவைத் திறந்தால் இடிக்கிறது. கடைசியில் சீட் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே வந்து சீட்டை இழுத்தேன். பின்னால் நின்ற லாரிக்காரர் ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை, அது இன்னும் கூச்சமாக இருந்தது. அந்தச் சீட்டைத் தொலைத்தால் எங்கிருந்து வந்தோம் என்பதற்கு அத்தாட்சி இல்லாமல் போய்விடும், அதனால் மனைவியின் பர்சுக்குள் போனது.

இறங்கும் டோல்கேட்டில் பலகையைப் பார்த்து வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் டெலிபாஸ் என்று போட்டிருப்பது நம் ஃபாஸ்டாக் மாதிரி, கருவி இருப்பவர்களுக்கு மட்டும். அந்த வரிசைதான் எப்போதும் காலியாக இருக்கும், கண்ணை இழுக்கும். நீலம் கார்டுக்கு, நோட்டும் நாணயமும் வரைந்த வெள்ளை ரொக்கத்துக்கு. தெரியாமல் மஞ்சளில் போய்விட்டால் பின்னால் எடுக்கவே கூடாது. உதவிப் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு தருவார்கள், அதை வைத்துப் பதினைந்து நாளுக்குள் கட்டிவிடலாம். நாங்கள் நீலத்தில் போனோம், ஓர்வியேட்டோவில் இறங்கினோம். போகவர டோல் மொத்தம் பதினைந்து யூரோ அளவில் ஆனது. வேகம் மணிக்கு 130 வரை போகலாம், மழை பெய்தால் 110. சில பகுதிகளில் ஓர் இடத்தில் மட்டும் பார்க்காமல் இரண்டு இடங்களுக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள், கேமராவைக் கண்டதும் பிரேக் போடும் நம் வித்தை அங்கே செல்லாது. இடது தடம் முந்துவதற்கு மட்டும். முந்தி முடித்தும் அங்கேயே இருந்தால் பின்னால் ஒரு வண்டி பம்பரை முகர்ந்துகொண்டு விளக்கடிக்கும்.

பான்யோரேஜோவில் வண்டியை நிறுத்தினோம். சாலையோரக் கோடு நீலமென்றால் காசு போட்டுச் சீட்டு எடுத்துக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும், வெள்ளையென்றால் இலவசம், மஞ்சள் பக்கம் போகவே வேண்டாம். அங்கிருந்து கொஞ்சம் நடந்ததும் சிவிட்டா கண்ணில் பட்டது. பேச்சு நின்றுவிட்டது எங்களுக்கு. பள்ளத்தாக்கின் நடுவே ஒரு பாறைத் தூண், அதன் உச்சியில் ஒரு முழு ஊர். மேலே எரிமலைச் சாம்பல் இறுகிய கல், கீழே களிமண். களிமண் கரையக் கரைய மேலே உள்ள கல் விளிம்பு விளிம்பாக உடைந்து விழுகிறது, வீடுகளும் கூடவே. 1695-இல் வந்த நிலநடுக்கம் பாதி வேலையை முடித்தது. இப்போது அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 'சாகும் ஊர்' என்று பான்யோரேஜோவில் பிறந்த எழுத்தாளர் போனவென்ச்சூரா டெக்கி சொன்னது அடைமொழியாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. போவதற்கு ஒரே வழி, சுமார் 300 மீட்டர் நீளமுள்ள நடைபாலம். தலைக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம். 2013-இல் ஒன்றரை யூரோவில் ஆரம்பித்ததாம்.

பாலத்தின் கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். அம்மா பாதி தூரம் வந்து கைப்பிடியைப் பிடித்து நின்று, மேலே பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம மருதமலையே தேவலாம் கண்ணு, நீங்க போயிட்டு வாங்க" என்றார். மனைவியும் நானும் மாறி மாறி அம்மாவோடு இருந்துகொண்டு மகளை இரண்டு தடவை கூட்டிப் போனோம். மகளுக்கு ஊர் பிடித்ததற்குக் காரணம் பூனைகள். முழங்கால் வலி இருப்பவர்கள் எதிர்க்கரையில் உள்ள காட்சிமேடையோடு நின்றுகொள்வதில் நட்டமே இல்லை. ஊர் அழகாகத் தெரிவதே அங்கிருந்துதான்.

சாப்பாட்டில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். சின்ன ஊர்களில் இரண்டரை மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், பிறகு ஏழு மணிக்கு மேல்தான். நாங்கள் கடைசி மேசையாக நுழைந்து, அம்மாவுக்கு இறைச்சி இல்லாத பாஸ்தா சொல்லி, மேலே மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில் ஓர்வியேட்டோ. அதுவும் பாறை மேல் இருக்கும் ஊர்தான், கொஞ்சம் பெரியது. போனில் இருந்த வரைபடம் நேராக மேலே கதீட்ரல் வாசலுக்கே வழி காட்டியது. நான் கேட்கவில்லை. கீழே காம்போ டெல்லா ஃபியெரா என்ற நிறுத்துமிடத்தில் விட்டோம், அங்கிருந்து எஸ்கலேட்டரும் லிஃப்டும் மேலே கொண்டுபோய் விடுகின்றன. காலையிலிருந்து நான் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது அது. அதே புத்தி மாலையில் ரோமில் வரவில்லை என்பதுதான் சோகம்.

மகளும் நானும் புனித பேட்ரிக் கிணற்றுக்குள் இறங்கினோம். 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி இங்கே வந்த ஏழாம் கிளமெண்ட் போப், ஊர் முற்றுகையிடப்பட்டால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று யோசித்து வெட்டச் சொன்ன கிணறு. ஒன்றையொன்று தொடாமல் பின்னிக்கொண்டு போகும் இரண்டு சுருள் படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். ஒன்றில் கோவேறு கழுதை இறங்கும், தண்ணீரோடு இன்னொன்றில் ஏறும், எதிரும் புதிருமாகச் சந்திக்கவே வேண்டாம். நடுச்சுவரில் வரிசையாக ஜன்னல்கள். எதிர்ப்பக்கம் ஏறுகிறவர்களுக்கு அவற்றின் வழியே மகள் கையசைத்துக்கொண்டே இறங்கினாள்.

அம்மாவும் மனைவியும் கதீட்ரலுக்கு எதிரே கல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். 1290-இல் கட்ட ஆரம்பித்த கோயில், மேற்கு பார்த்த முகப்பு. மாலை வெயில் சாயச் சாய முகப்பிலுள்ள பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. அம்மா கோயிலுக்கு எதிரே அப்படியே கைகட்டி உட்கார்ந்திருந்தார். மணி நான்கு. கிளம்பலாம் என்றேன். "இன்னும் ஒரு அரை மணி நேரம் உக்காந்திருக்கலாமே கண்ணு, வெயில் இப்பத்தான் நல்லா விழுது" என்றார். ஏழு மணிக்கு வண்டியை ஒப்படைக்க வேண்டும், இருட்டில் ரோமுக்குள் ஓட்ட எனக்குப் பயம். அதட்டாத குறையாக எழுப்பிக் கூட்டி வந்தேன். ஒரு நாளில் இரண்டு ஊர் என்பது கூடுதல். சிவிட்டாவா ஓர்வியேட்டோவா என்று ஒன்றை எடுத்திருக்க வேண்டும்.

நிறைத்துக் கொடுத்த டேங்கை நிறைத்தே திருப்ப வேண்டும். ஒப்படைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பங்க் கிடைக்காது என்று ஊருக்குள் நுழைவதற்கு முன்பே நின்றோம். இத்தாலியில் ஒரே பங்கில் இரண்டு விலை. ஆள் வந்து போட்டால் அதிகம், நாமே போட்டால் குறைவு. அடுத்தது முக்கியம். 'கஸோலியோ' என்று எழுதியிருக்கும், கேட்க கேஸோலின் மாதிரி இருக்கும், ஆனால் அது டீசல். பெட்ரோலுக்கு அவர்கள் சொல்வது 'பென்சினா'. பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல். டேங்க் மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் சின்னத்தையும் பாருங்கள், பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம். தானியங்கியில் கார்டைச் சொருகியதும் 100 யூரோ பிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்ட பெட்ரோல் 29 யூரோதான், மீதி சில நாளில் விடுபட்டுவிட்டது. ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்கும்போது கேட்டார்கள்.

இனி, அந்தக் கடிதத்தை வரவழைத்த இருபது நிமிடம். அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது. ஹோட்டல் மோன்டி பகுதியில். எல்லோரையும் வாசலில் இறக்கிவிட்டு நான் மட்டும் போய் வண்டியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். ஒரு சந்தின் முனையில் தலைக்கு மேலே மின்பலகை ஒளிர்ந்தது: 'வார்க்கோ அட்டிவோ'. வார்க்கோ என்றால் வாசல் என்று தெரியும். அட்டிவோ, செயல்பாட்டில் இருக்கிறது. சரி, வாசல் திறந்திருக்கிறது போல என்று நுழைந்தேன்.

அர்த்தம் நேர் எதிர். கேமரா இயங்குகிறது, உள்ளே வராதே என்று அர்த்தம். 'நோன் அட்டிவோ' என்றால்தான் போகலாம். இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் போக முடியும், அதற்குச் சுருக்கமாக இசட்டிஎல் என்று பெயர், அதன் பலகை சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளை, கீழே நேரம். ரோமின் மையத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஆறரை முதல் மாலை ஆறு வரை. போலீஸ் யாரும் மறிப்பதில்லை, விசில் இல்லை, தடுப்பு இல்லை. நம்பர் பிளேட்டை ஒரு படம், அவ்வளவுதான். அப்போதைய விதிப்படி ஒவ்வொரு நுழைவும் தனித்தனி அபராதம், வழிதெரியாமல் இரண்டு தடவை சுற்றினால் இரண்டு. ஹோட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால், பல ஊர்களில் வண்டி எண்ணை அவர்களிடம் முன்பே கொடுத்து அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். நான் கேட்கவே இல்லை. ஒரு டாக்ஸிக்குப் பத்துப் பதினைந்து யூரோ கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். வண்டியையே மையத்தில் எடுக்காமல் திபுர்தினா ரயில் நிலையம் மாதிரி ஓரத்தில் எடுத்திருந்தால் இந்தச் சந்துக்குள் வர வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அன்று எதுவும் தெரியவில்லை. வண்டியைக் கொடுத்தேன், மறுபடி ஒரு வீடியோ, காலையில் எழுதி வைத்த சக்கரத் தேய்ப்பை விரலால் தடவிப் பார்த்துத் தாளோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். வாடகை, காப்பீடு, மணை, பெட்ரோல், டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 160 யூரோவுக்குள். நான்கு பேருக்கு ஒரு நாள், பரவாயில்லை என்று பெருமையாகத்தான் இருந்தது.

ஜனவரியில் கார்டில் 45 யூரோ பிடித்தார்கள். வண்டி கொடுத்த நிறுவனம், என் முகவரியை ரோம் மாநகராட்சிக்குக் கொடுத்ததற்கான கட்டணம். நான் அதையே அபராதம் என்று நினைத்து மூச்சு விட்டுவிட்டேன். இல்லை, அது தபால் கூலி மாதிரி. அபராதம் தனியாக வரும். ஜூன் மாதம் கோவையில் பதிவுத் தபால் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கியது அம்மா. அபராதம் 83 யூரோ, கையில் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் முப்பது சதவீதம் குறைவு, 58 யூரோ சொச்சம், அனுப்பிய செலவு தனி. அன்று ராத்திரியே இணையத்தில் கட்டினேன்.

கடிதத்தில் தெருப் பெயர், வண்டி எண், தேதி, எல்லாம் இருந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டார். ஆறு மணிக்கு மேல் போயிருந்தால் ஒன்றும் இல்லை, நாம் ஐந்து நாற்பத்தொன்றுக்குப் போயிருக்கிறோம் என்றேன்.

அம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அந்தக் கோயில் முன்னாடி அரை மணி நேரம் உக்காரலாம்னு சொன்னேனே" என்றார்.